ஸ்டெல்லா அக்காவின் கல்லீரல்

ஸ்கேன் சென்டர் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஆட்களின் முகத்தைவிட வயிறுதான் நன்றாகத் தெரியும். வெறும் வயிற்றோடு வந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, நெளிந்துகொண்டே காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் முறைத்துப் பார்த்த பெண் நான்தான்.

ஊருக்கே இருக்கிறது

அம்பத்தூரில் யார் வயிற்றை ஸ்கேன் எடுத்தாலும் 'ஃபேட்டி லிவர்' என்று வருவது சகஜம். ஆவடி வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாஸ்கர் அண்ணனுக்கும் சில வருடங்களுக்கு முன் அப்படித்தான் வந்தது. எடையைக் குறைத்து, சர்க்கரை, பிரஷர், யூரின் எல்லாம் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியனுப்பினார். அண்ணன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"எனுக்கு மட்டுமா கீது? ஆவடில பாதி பேருக்கு கீது. உடும்மா."

தண்ணீர் குடிக்கக் கூடாதவர்

போன வருடம் பாஸ்கர் அண்ணன் வீங்கிய காலோடு வந்தார். வழக்கம்போல் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். கூட வந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தடுத்தார். கிட்னி பழுதாகிவிட்டதாம், தண்ணீரே அளவோடுதானாம். கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்த அதே சர்க்கரையும் பிரஷரும் எடையும் கிட்னியையும் சத்தமில்லாமல் அரித்துவிட்டன என்று எங்கள் டாக்டர் விளக்கினார். கல்லீரல் கெட்டால் கிட்னிக்கும் கேடுதான் என்றார். மாற்றுக் கிட்னிதான் வழி என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அக்கா அழவில்லை.

"என்னுத ஒண்ணு எடுத்து அவுருக்கு வெச்சிடட்டும் சார். எனுக்கு இன்னொண்ணு கீதே."

அளந்த சோறு

ரத்த குரூப் ஒத்துப்போனது. கிட்னி கொடுப்பவருக்கான ஸ்கேனுக்கு அக்கா எங்களிடமே வந்தார். அக்காவுக்கும் ஃபேட்டி லிவர். ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சமுள்ள ஒன்றும் புருஷனுடைய கிட்னி போன வழியில் போனால் என்ன செய்வது, முதலில் கல்லீரலைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று கிட்னி டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அதை என்னிடம் வந்து சொன்ன அக்கா, எதையெதை நிறுத்த வேண்டும் என்றுதான் கேட்டார். வாயைக் கட்டுவது கஷ்டமாச்சே அக்கா என்றேன்.

"அவுரு தண்ணியவே அளந்து குடிக்கிறாரு. நான் சோத்த அளந்து துன்ன மாட்டனா?"

நடை

சொன்னதைச் செய்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தான் வேலை பார்க்கும் தையல் கம்பெனி விட்டதும் பஸ் ஏறாமல் கள்ளிகுப்பம் வரை நடந்தே வீட்டுக்குப் போனார். சர்ச் திருவிழா பிரியாணியைக்கூடத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். அரைத் தட்டுப் பிரியாணியை மிச்சம் வைக்கத் தெரியாத எனக்கு அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சென்ற மாதம் மறுபடி ஸ்கேன். கொழுப்பு கரைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் சம்மதித்துவிட்டார்கள். அக்கா உள்ளே டாக்டருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் இருந்த பாஸ்கர் அண்ணனிடம் சந்தோஷம்தானே என்று கேட்டேன். வாசலில் கிடந்த அக்காவின் தேய்ந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் நடந்திருந்தா, இன்னிக்கு இவ நடந்திருக்க வேணாம்மா."

இப்போதெல்லாம் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று யாராவது ரிப்போர்ட்டை மடித்தால், வாசலை மறித்து உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன், அதற்கும் என்னை முறைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.