தோப்பு வழியாக வந்த கேபிள்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கணவர் இறந்த பிறகு, பூதப்பாண்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். காது கேளாதோர் பள்ளி விடுதியில் அவளோடு படித்த தோழி ஒருவர் தூத்துக்குடியில் இருந்தார். அக்கா மனம்விட்டுப் பேசுவது அவரிடம் மட்டும்தான். எனக்கும் என் மனைவிக்கும் தெரிந்த சைகையெல்லாம் சோறு, மருந்து, மழை என்ற அளவில் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வீடியோவில் தோழியின் முகம் அப்படியே நின்றுவிடும்; கைகள் கலங்கித் தெரியும். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கும் முற்றத்துக்கும் நடப்பாள். அப்போது பேச மிச்சமிருப்பது ஒரு கைதான்.

இன்டர்நெட் கேபிளுக்கு எழுதிக் கொடுத்தேன். பார்க்க வந்த ஊழியர், என் பெரியப்பா மகன் வீடு வரை லைன் வந்திருக்கிறது, அவருடைய தென்னந்தோப்பு வழியாக இழுத்தால் ஒரு நாள் வேலைதான், அவரிடம் கேட்டுவிடுங்கள் என்றார். அந்த அண்ணனும் நானும் வேலித் தகராறில் பேச்சை விட்டு நாலு வருடமாகியிருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் இன்னும் வரவில்லை என்று அக்காவிடம் சைகை காட்டினேன். அவள் கேட்கும்போதெல்லாம் அதையே காட்டினேன். ஐந்து மாதம் போயிற்று.

ஒருநாள் அண்ணன் வீட்டில் ஏதோ பழுது பார்க்க அதே ஊழியர் வந்திருக்கிறார். அக்கா அவரை வழியில் நிறுத்தித் தாளில் எழுதிக் கேட்டிருக்கிறாள். அவர் எழுதிக் கொடுத்த பதிலோடு நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார்.

“அவ கையக் கூப்பிக்கிட்டு நிக்கா. எனக்கு வெக்கமாப் போச்சு,” என்றார். “நீ வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பனா மக்கா?”

மறுநாள் காலையிலேயே கம்பெனிக்குப் போய், தோப்பு வழியாக லைன் இழுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் இணைப்பு வந்தது. அக்கா நல்ல சேலையாக உடுத்து, போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்தது தோழியின் மருமகள். மாமிக்குப் போன மாதம் பக்கவாதம் வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். தோழியின் வலது கை போர்வைமேல் கிடந்தது. இடது கை மெல்ல எழுந்து எதையோ தொடங்கி, பாதியில் விழுந்தது. படம் துளியும் கலங்காமல் தெரிந்தது.

அக்கா உடனே அழவில்லை. அரை மணி நேரம் அவளே பேசினாள், நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

தோழி அதன்பின் இரண்டு மாதம் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, நான் சொன்ன பொய்யை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். இப்போதெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் என் மனைவியிடம்தான் கேட்கிறாள்.