நாற்பத்திரண்டாம் வீட்டு அட்டை

திண்டுக்கல்லில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது. வந்த அன்று பிடித்ததை அடுத்த முறை வரும்வரை காப்பாற்ற வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி, நீல டிரம், அடுக்கு அடுக்காகக் குடங்கள். அந்தத் தண்ணீரைத் திறந்து பார்ப்பதுதான் மிக்கேல்ராஜின் பிழைப்பு. கிணத்தடிச் சந்தும் அதை ஒட்டிய மூன்று தெருக்களும் அவர் பொறுப்பு. மொத்தம் நூற்றுப் பதினாறு வீடுகள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, கரண்டியால் அள்ளிப் பார்ப்பார். கொசுப்புழு நெளிந்தால் மருந்து ஊற்றுவார். பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தொண்ணூற்று நாலில் நகராட்சியில் தற்காலிக வேலையாகச் சேர்ந்தவர், அந்தத் தற்காலிகத்திலேயே பன்னிரண்டு வருடங்களை ஓட்டிவிட்டார்.

மனிதருக்கு அது வேலையாக மட்டும் இருக்கவில்லை, கை தானாகச் செய்கிற பழக்கமாகிவிட்டிருந்தது. ஒருமுறை மனைவி சகாயராணியின் ஊரான கன்னிவாடிக்கு விருந்துக்குப் போனவர், இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது ஆளைக் காணோம். தேடிப் போனால் கொல்லையில் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளைக்கு முதல்ல தொட்டித் தண்ணிய ஊத்துங்கப்பா, அப்புறம் சோத்தப் போடலாம்" என்று பந்தியே சிரித்தது. சகாயராணி மட்டும் சிரிக்காமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "கையத் தொடச்சிட்டு வாங்க."

இரண்டாயிரத்து ஆறில் அந்தக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்ற பெயர் வாயில் நுழைவதற்குள் தெருவே படுத்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலி. இருபது வயதுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மாதா கோயிலில் பூசையின் எழுந்தேற்ற நேரத்தில் முழங்கால் போட ஒருவராலும் முடியவில்லை. பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுதார்கள்.

செப்டம்பரில் சகாயராணிக்கு வந்தது. காய்ச்சல் விட்டு, வீக்கமும் குறைந்து வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தவள், "நெஞ்சைப் பிசையிற மாதிரி இருக்கு" என்றாள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. வயது நாற்பத்தாறு. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்த டாக்டர், "இந்தக் காய்ச்சல்ல யாரும் சாகுறதில்லங்க" என்று ஆறுதல்போலச் சொன்னார். சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்களும் நொண்டிகள்தான். பத்தடிக்கு ஒருதரம் தோள் மாற்றினார்கள். கடைசியில் பிரியாணிக் கடை ஜெகபர் அலி தன் தள்ளுவண்டியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். சகாயராணி கல்லறைக்குப் போனது அதில்தான்.

அடுத்த ஜனவரியில் நகராட்சி அலுவலகம் புது அட்டைகளைக் கொடுத்தது. பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். மிக்கேல்ராஜுக்குப் போட மனம் வரவில்லை. அந்த வருடம் நடந்ததற்குத் தெருவில் வேறு அடையாளமே இல்லை என்று தோன்றியது. அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பழையதைக் கழற்றும்போதே அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு, பின்னால் எழுத ஆரம்பித்தார். கல்லூரியில் வரலாறு நடத்தும் ஆண்டனிராஜ் அவர் போகும் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். விஷயம் காதில் விழுந்ததும், "முடிச்சுக் குடுங்கண்ணே. நூலகத்துல வைக்கிறேன். அம்பது வருசம் கழிச்சு ஒருத்தன் எடுத்துப் படிப்பான்" என்றார்.

கீரை விற்கும் ஒச்சாயி கேட்டதும் கொட்டிவிட்டாள். "எழுது அப்பு. குத்த வைக்க முடியாம நாங்க பட்ட பாட்ட எழுது. பிளாஸ்டிக் சேர்ல ஓட்டை போட்டு வச்சிருந்தா கோடி வீட்டுக்காரி. அதைக் கடன் கேட்டு இந்தத் தெருவுல அம்புட்டுச் சண்டை!"

"அதையுமா ஆத்தா எழுதணும்?"

"அதத்தான்யா எழுதணும். மத்ததெல்லாம் பேப்பர்ல வந்துருச்சே."

ஜெகபர் அலிக்கு வேறு வருத்தம். "நோய்ப் பேருல சிக்கன் இருக்குன்னு எவனோ கெளப்பி விட்டுட்டான் மிக்கேலு. ரெண்டு மாசம் அண்டா கவுந்து கெடந்துச்சு. நோய் என்னைய விட்டுச்சு, சனம் விடல."

"விட்டுச்சாம்!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ஆரிபா குரல் கொடுத்தாள். "நம்பாதீங்கண்ணே. நாப்பது நாளு சட்டைப் பித்தான் நான்தான் போட்டுவிட்டேன். அதை எழுதுங்க."

"ஏய், அது எதுக்கு?"

"பின்னால வர்றவங்க தெரிஞ்சுக்கிடட்டும், ஒங்க வீரத்தை."

இப்படி எழுதிக்கொண்டு வருகையில்தான் மிக்கேல்ராஜ் ஒன்றைக் கவனித்தார். எல்லா அட்டைகளிலும் அவர் கையெழுத்தில் மை கலங்கியிருந்தது. தண்ணீருக்குள் விட்ட கை காய்வதற்குள் பேனாவைப் பிடிப்பதால் வந்த கறை. அங்கங்கே ஈர விரலின் ரேகைகூடப் பதிந்திருந்தது. எண்பது அட்டை பார்த்தார், எண்பதும் அப்படித்தான்.

நாற்பத்திரண்டாம் எண் வீடு அவருடையது. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். ஜூலை நடுவில் மாட்டிய அட்டையில் செப்டம்பர் வரை பத்துக் கையெழுத்துகள்; அவள் போன பிறகு ஒன்றுமில்லை. பத்தும் அச்சடித்ததுபோலச் சுத்தமாக இருந்தன. எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. சொந்த வீடுதானே என்று சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டாரா? டிரம் மூடியைத் திறக்கவே இல்லையா? அவளைக் கடித்த கொசு அந்த நீல டிரம்மிலிருந்து வந்ததா? யோசித்தால் மூடியைத் தூக்குகிற கை நினைவுக்கு வந்தது. ஆனால் அது எந்த வீட்டு மூடி என்று தெரியவில்லை. நூற்றுப் பதினாறு வீட்டு மூடிகளும் ஒரே மூடியாகிவிட்டிருந்தன. ஒருவேளை வீட்டில் துண்டு கிடந்ததால் கையைத் துடைத்துவிட்டு எழுதியிருக்கலாம். அவள் அந்த விஷயத்தில் கண்டிப்புக்காரி. அப்படியானால் சுத்தமான கையெழுத்தே அவர் திறந்ததற்குச் சாட்சி. அரைமணி நேரம் அது நிம்மதி தரும். பிறகு அதே கையெழுத்து திறக்காததற்கும் சாட்சியாக நிற்கும்.

சகாயராணியின் தங்கை ரூபி அடுத்த தெருவில் இருந்தாள். அக்காவுக்குக் காய்ச்சல் கண்ட நாள் முதல் கூட இருந்தவள், அதற்கு முன்பும் தினம் வந்துபோனவள். அவளிடம் போய்க் கேட்டார்.

"அக்கா உங்களை எங்க மச்சான் தொறக்க விட்டா? ஊரு தொட்டியில எல்லாம் விட்ட கைய என் டிரம்முல விடாதீங்கன்னுதான சொல்லுவா. அவளே பாத்துக்கிடுவா."

"அப்ப நான் பாக்கலையா?"

ரூபி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி போடுறேன், செத்த நேரம் உக்காருங்க" என்று உள்ளே போனாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, "பாத்தீங்க மச்சான். டார்ச்சோட நின்னதை நானே கண்ணால பாத்தேன்" என்றாள்.

"போன வாரம் வேற சொன்னியே?"

"போன வாரம் நீங்க வேற மாதிரி கேட்டீங்க."

இதில் எதை எழுதுவது? அந்த அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். மற்ற வீடுகளை எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஊரார் சொன்னதையெல்லாம் சந்தேகமில்லாமல் எழுதிய கை, சொந்த வீட்டு அட்டை முன்னால் பேனாவைத் திறந்து திறந்து மூடியது. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்து நாலே வரி எழுதினார். எழுதியதைத் திரும்பப் படிக்காமல், நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவே செருகி, கட்டுக் கட்டி ஆண்டனிராஜ் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஆண்டனிராஜ் கட்டைப் பிரித்து நாற்காலிச் சண்டையில் சிரித்தார். பித்தானிலும் சிரித்தார். பிறகு ஓர் அட்டையில் நின்றுவிட்டார். அதில் இருந்தது இதுதான்:

"இந்த வீட்டில் சகாயராணி செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி இறந்தார். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். முன்பக்கம் உள்ள பத்துக் கையெழுத்தும் என்னுடையவை. டிரம்மைத் திறந்து பார்த்தேனா என்று எனக்குத் தெரியவில்லை."

"அண்ணே..." என்றார் ஆண்டனிராஜ் மெதுவாக. "இது ஒண்ணு வேணாமே. உங்க வேலைக்கே பிரச்சினை ஆனாலும் ஆகும். நூத்திப் பதினஞ்சு இருந்தாப் போதாதா?"

மிக்கேல்ராஜ் அட்டையை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்துட்டா நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்து மூணு வந்துரும் சார். படிக்கிறவனுக்குக் குழப்பமாயிரும்."

"இதைப் படிச்சாலும் குழப்பந்தானண்ணே?"

"ஆமா சார்" என்றார் மிக்கேல்ராஜ். கட்டைச் சுற்றியிருந்த சணலை எடுத்து ஆண்டனிராஜ் கையிலேயே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.