என் மகள் ஒப்புக்குச் சப்பாணி அல்ல

கம்பத்தில் நாங்கள் மாவு மில் வைத்திருந்த காலத்தில் என் குரல் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அது நின்ற பிறகும் பழக்கம் விடாது. அதனால் அந்தத் தெருவில் எனக்கு வாயாடி என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வாய் மட்டும் இல்லையென்றால் என் மகளை மூலையில் உட்கார வைத்துப் பாவம் பார்த்தே முடித்திருப்பார்கள்.

அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் வாங்கினால் திருப்பித் தர மாட்டாள். தரக் கூடாது என்ற எண்ணமெல்லாம் கிடையாது. அதற்குள் ஜன்னலில் ஓர் ஓணான் வந்திருக்கும், அவ்வளவுதான். ஆண் பிள்ளையாக இருந்தால் 'சுட்டிப் பய' என்று கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். இவளுக்குக் கிடைத்த பெயர் அடங்காப்பிடாரி. "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு ஆட்டம் ஆகாது" என்று மிளகாய் அரைக்க வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொன்னார்கள். மிளகாயை அரைத்துக்கொண்டு போங்களேன், உங்களிடம் யார் கேட்டது!

கோயிலில் கயிறு கட்டினோம். தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் மதுரைக்குப் போய் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவர் ஏ.டி.எச்.டி. என்று நாலு எழுத்தைச் சொன்னார். பிள்ளையின் மூளை வேலை செய்கிற விதமே அப்படி, அவளுக்குத் திமிரும் இல்லை, உங்கள் வளர்ப்பிலும் தப்பில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேனோ, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு ஓரளவு உட்கார்ந்து எழுதினாள். ஆனால் கூட விளையாட ஒரு பிள்ளை வேண்டுமே, அது எந்த மருந்துக்கடையில் விற்கிறது?

மில்லுக்குப் பக்கத்துக் காலி மனையில் சாயங்காலம் பெண் பிள்ளைகள் நொண்டி விளையாடுவார்கள். தரையில் பெரிய கட்டம் போட்டு ஓர் அணி உள்ளே ஓடும். எதிர் அணியில் ஒருத்தி நொண்டியடித்து வந்து தொட வேண்டும். தொட்டால் அவுட், கோட்டை மிதித்தாலும் அவுட். என் மகள் போனால் முதலில் விரட்டிவிடுவார்கள். முறை வருவதற்கு முன்பே உள்ளே குதிப்பாள், அவுட் என்றால் சண்டைக்கு நிற்பாள், கோபம் வந்தால் தள்ளிவிடுவாள். ஒரு நாள் திடீரென்று சேர்த்துக்கொண்டார்கள். வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள்.

"அம்மா, இன்னைக்கு நான் ஒரு தடவகூட அவுட்டே ஆகல!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. முகமெல்லாம் மாவோடு அவளை அள்ளிக்கொண்டேன். மறுநாளும் அவுட் ஆகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் மகளைப் போல நொண்டியில் கெட்டிக்காரி கம்பத்திலேயே இல்லை என்று அவள் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போனபோது கண்ணால் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே இரண்டு எட்டு போய்விட்டு உள்ளே வந்தாள். ஒருவரும் அவுட் என்று கத்தவில்லை. நொண்டியடித்து வந்தவள் இவள் முதுகை உரசிக்கொண்டு அடுத்தவளைத் துரத்திப் போனாள். என் பிள்ளையோ யாரும் துரத்தாமலே ஓடிக்கொண்டிருந்தாள், வாயெல்லாம் சிரிப்பாக.

ஒப்புக்குச் சப்பாணி! நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தானே. விளையாடத் தெரியாத சின்னப் பிள்ளை அழுது அடம்பிடித்தால், அவுட்டும் கிடையாது, கணக்கிலும் கிடையாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு உள்ளே விடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்வதை எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளை அப்படிச் செய்யச் சொன்னது எதிர்வீட்டு மதினிதான் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனுஷி, என் மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"எதுக்கு மதினி இப்படிச் செஞ்சீக?"

"அவ அழுகிறதைப் பாக்க முடியலத்தா. இப்பப் பாரு, எம்புட்டுச் சந்தோசமா இருக்கா. அவளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே மதினி! நாளைக்கு அவளுக்குத் தெரிஞ்சா? ஊரே சேந்து தன்னைய ஏமாத்துச்சுன்னு நெனைக்க மாட்டாளா?"

"நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் வரிஞ்சுகட்டிக்கிட்டு வந்துருவ" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வரிஞ்சுகட்டிக்கொண்டு வந்தது உண்மைதான். அன்றைக்கே முடிவு கட்டினேன். என் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலத் தொட்டால் அவுட் ஆக வேண்டும். அவுட் ஆகி, வெளியே உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி போக வேண்டும். அதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் சரி.

பத்துப் பேர் கூட்டத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், ஒரே ஒரு பிள்ளை, கொஞ்ச நேரம், அதுவும் நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுங்கள் என்று மதுரை மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு பிள்ளைக்கு எங்கே போவது? கரண்ட் கட் கொண்டுவந்து கொடுத்தது. அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும் வரும் என்றே தெரியாது. பாதி அரைத்த மாவை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பின்தெருப் பழக்கடை பாயின் மகள், என் மகள் வயசுதான், ஒரு நாள் கோதுமையோடு வந்து அப்படி மாட்டிக்கொண்டாள். சுண்ணாம்புக் கட்டியால் மில் வாசலில் கட்டம் கிழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஆத்தா, கரண்டு வர்ற வரைக்கும் ஒரு ஆட்டம் வெளாடுவமா?"

"ஆள் புடிக்கிறியாக்கும்?" என்றார் என் கணவர். ஆமாம், பிடித்தேன்தான். என் பிள்ளைக்கு நான் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது?

ஆடத் தெரிய வேண்டுமே என்று, யாரும் வராத நேரத்தில் நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகளோடு நொண்டியடித்தேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "மில்லுக்காரம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். "வயசு கொறைஞ்சிருச்சு, போங்க" என்றேன். முறை என்றால் என்ன என்பதை மில்லிலேயே காட்டினேன். எங்கள் மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, டப்பாக்கள்தான் நிற்கும். முன் டப்பா நகர்ந்தால்தான் பின் டப்பா நகர முடியும். அவளையே நகர்த்தச் சொன்னேன். முதல் நாள் தனக்குப் பிடித்த அக்காவின் டப்பாவை முன்னால் தள்ளிவிட்டுப் பெரிய ரகளையாகிவிட்டது. போகப்போக, வரிசையை மீறி யாராவது தூக்குவாளியை வைத்தால் இவளே சண்டைக்குப் போனாள்! கோபம் தலைக்கேறினால் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். சில நாள் சட்டையெல்லாம் நனைந்து நிற்பாள்.

பழக்கடைக்காரர் மகளுக்கு எங்கள் வாசல் பிடித்துப்போனது. அரைக்க எதுவும் இல்லாத நாளிலும் வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திய வாரத்திலேயே, என் மகள் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். முழங்கை கிழிந்து ரத்தம். அந்தப் பிள்ளை காய் விட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள்.

கிடைத்தது ஒரே ஒரு பிள்ளை, அதுவும் போச்சே என்று இருந்தது. ஆனாலும் மகளை வீட்டில் ஒளித்துவைக்கவில்லை. கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போனேன். அந்தப் பிள்ளையின் அம்மா, "புள்ளைக விழுந்து எந்திரிக்கிறதுதானக்கா, உள்ள வாங்க" என்றார். என் மகள் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாமல், இரண்டு விரலை நீட்டிக் கத்தினாள்.

"பழமாடி?"

அந்தப் பிள்ளை கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாள்.

"பழம். ஆனா இனிமே தள்ளுனா நீ அவுட்டு. எங்க அத்தா மேல சத்தியமா, அவுட்டுதான்."

என் மகள் தலையாட்டினாள். அவளுக்கென்று ஒரு விதியை ஒரு பிள்ளை வாயால் நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன், இல்லையென்றால் ரெண்டும் சேர்ந்து என்னைக் கேலி செய்திருக்கும்.

முழுப் பரீட்சை லீவு விட்டதும், அந்தப் பிள்ளைதான் என் மகளைக் காலி மனைக்குக் கூட்டிப்போனாள். நான் மில் வாசலில் சல்லடையை வைத்துக்கொண்டு, சலிப்பது போலப் பாவனை செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் அணி உள்ளே. தோழி எதிர் அணி. ஒவ்வொருத்தியாக வெளியேறி, கடைசியில் என் மகள் மட்டும் மிச்சம். தோழி நொண்டியடித்து வந்தாள். இவள் வளைந்து நெளிந்து ஓடினாள். குதிகால் கோட்டைத் தொட்டது.

"அவுட்டு! கோட்ட மிதிச்சுட்ட, போடி வெளிய!"

"மிதிக்கல!"

"மிதிச்ச! நான் பாத்தேன்!"

என் மகள் முகம் சிவந்துவிட்டது. கை முஷ்டியானது. நான் சல்லடையைக் கீழே வைத்தேன். எதிர்வீட்டு மதினி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"விடுங்கடி பாவம். அவ ஆடிட்டுப் போறா."

"அதெல்லாம் முடியாது பெரியம்மா" என்றாள் தோழி, இன்னும் ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டு. "அவ நல்லா ஓடுவா. அவளை விட்டா நாங்கதான் தோத்துருவோம்."

என் மகள் மூக்கை உறிஞ்சினாள். எல்லாரையும் முறைத்தாள். பிறகு தரையை ஓங்கி ஓர் உதை உதைத்துவிட்டுக் கட்டத்துக்கு வெளியே வந்து, தன் அணிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மதினிக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தூக்கிக் கொஞ்சுவதற்காக முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"போகாதீக மதினி. அவ முறையா அவுட்டாகி அழுகுறா. நல்லா அழுகட்டும்."