அண்ணி பிடித்த பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நானும் என் அண்ணன் மனைவியும் அங்கே ஒரே மெஷினில் ஜோடி. கொழுந்து வெட்டும் அந்த மெஷினைச் செடி வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் போதும், முற்றல் இலையும் குச்சியும் சேர்ந்து வந்துவிடும்.

அண்ணியின் பக்கம் தாழ ஆரம்பித்தது. முதலில் மதியத்துக்கு மேல்தான், பிறகு காலையிலேயே. எனக்கோ வாய் நீளம். "தூங்கிக்கிட்டே நடக்கிறீங்களா அண்ணி? தூக்கிப் பிடிங்க லா!" என்று நாலு பேர் கேட்கக் கத்துவேன். "கை வர மாட்டேங்குதும்மா" என்பார். லோரியில் ஏறும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஏறுவார். "அதுக்குள்ள கிழவி ஆயிட்டீங்க" என்று நான் கேலி செய்தேன். விரல் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. தேயிலையில் கை வைத்த யாருக்குத்தான் வெடிக்காது? வறட்டு இருமல் வேறு. இந்தக் குளிரில் இருமாதவர் யார் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள், மூட்டையில் குச்சி அதிகம் என்று கங்காணி என்னைப் பிடித்துத் திட்டினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இவங்களோட என்னால மாரடிக்க முடியாது. ஆளை மாத்துங்க" என்று அண்ணியை வைத்துக்கொண்டே சொன்னேன். மறுநாளே அண்ணியை மெஷின் போகாத செங்குத்து மேட்டுக்கு, கையால் வெட்டும் பெரிய கத்தரியைக் கொடுத்துத் தனியாக அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெம்பான புது ஜோடி. அன்று நான் சந்தோஷமாகவே வேலை செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வாரம், செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்த அண்ணியால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆள் வைத்துத் தூக்கி வந்தோம். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா, "கையைத் தூக்கித் தலை சீவ முடியுதா?" என்று கேட்டார். "ஏழு மாசமா என் மகதான் சீவி விடறா" என்றார் அண்ணி. பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். "கிருமியை எதிர்க்க ரத்தத்தில எதிர்ப்பொருள் இருக்கும். இவங்க ரத்தத்தில, சொந்த உடம்பையே எதிரியா நினைக்கிற எதிர்ப்பொருள் இருக்கு. தசை வீங்கிப் பலம் போனது இந்த நோயாலதான். அந்த எதிர்ப்பொருள்ல பல வகை. இவங்களுக்கு இருக்கிற வகைன்னா நுரையீரலையும் பாதிக்கலாம். விரல் வெடிப்பு, இருமல் எல்லாம் அதோட சேர்ந்ததுதான்." நுரையீரலில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தது. முன்னாடியே வந்திருந்தால் இவ்வளவு ஆகாமல் தடுத்திருக்கலாம் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

வார்டில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஆளை மாத்தச் சொன்னேனே அண்ணி, நான் பாவி" என்றேன்.

"அட, அழாத லா. நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் அவர். "கை நழுவி, மெஷின் உன் கால்ல விழுந்துடுமோன்னு தினம் பயந்து பயந்துதான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மருந்தில் தசைக்குக் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது. தலையை அவரே சீவிக்கொள்கிறார். ஆனால் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. தோட்டத்துக்கு இனி அவர் வரப்போவதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒரே மெஷினைத் தூக்கியும், "உடம்புக்கு என்ன அண்ணி?" என்று ஒரு தடவை கேட்க என் நீளமான வாய்க்கு வரவில்லையே என்ற வேதனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.