றாத்தலுக்காக வாங்கிய கையெழுத்துகள்

எனக்குக் கோபம் கெதியில் வரும். கடை நடத்திய காலத்தில் இன்னும் மோசம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் செய்த அந்த விசர்வேலை ஒரு கோபத்தில்தான் தொடங்கியது.

மனோர் பார்க்கில் எனக்கு ஒரு மீன்கடை இருந்தது. வருகிறவர்கள் முக்கால்வாசியும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்கள் மீனைக் கிலோவில் கேட்கமாட்டார்கள். இரண்டு றாத்தல் விளைமீன், ஒரு றாத்தல் இறால், இப்படித்தான் வாயில் வரும். றாத்தல் என்றால் பவுண்ட், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளைக்காரன் எங்கள் ஊரை ஆண்டபோது விட்டுவிட்டுப் போன நிறை. அதைப் பத்திரமாகக் காவிக்கொண்டு அவனுடைய நாட்டுக்கே வந்து சேர்ந்தால், அவன் அதைக் கைகழுவிவிட்டு இருக்கிறான். இனி எல்லாம் கிலோவில்தான், ஐரோப்பாவில் இருந்து சட்டம் வந்திருக்கிறது என்று கவுன்சில் ஆள் ஒருவர் வந்து சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு பழைய தராசிலேயே நிறுத்தேன்.

இரண்டாம் தடவை வந்தபோது தராசில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். இனி இதில் நிறுத்தால் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், பாவம், அவருடைய வேலை அது. எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள், எல்லோருக்கும் முன்னால் கள்ளனைப் போல நிற்கிறேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. மூன்று கடை தள்ளி இருந்த இறைச்சிக்கடைக்கு அது கேட்டிருக்கிறது.

அந்த இறைச்சிக்கடைக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். ஒரே தெருவில் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம், குப்பைத்தொட்டி விஷயத்தைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அன்று பின்னேரம் இரண்டு கோப்பை தேநீரோடு என் கடைக்குள் வந்தார். தன்னுடைய தராசிலும் அதே ஸ்டிக்கர்தான் என்றார். பிறகு, வியாழக்கிழமை பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு கூட்டம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் என்னை ஓரிடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன்.

தேவாலயத்து மண்டபம். இருபது பேர் இருப்பார்கள், என்னைத் தவிர எல்லோரும் வெள்ளை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் நடத்தினார். துண்டுப்பிரசுரம் எழுதுவதும் அவரே, பிஸ்கட் அடுக்குவதும் அவரே. நம்மை ஆளும் சட்டத்தை நாம் தேர்ந்தெடுத்தவர்கள்தான் எழுதவேண்டும், பிடிக்காவிட்டால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப நமக்கு ஏலவேண்டும், பிரசல்ஸில் இருந்து ஐரோப்பாவுக்கே சட்டம் எழுதுகிறவனை யார் அனுப்புவது என்று கேட்டார். மக்களைக் கேட்காமல் ஐரோப்பாவோடு இன்னொரு ஒப்பந்தத்தில் கையொப்பமிடப் போகிறார்கள், வாக்கெடுப்பு வைக்கச்சொல்லிக் கேட்போம் என்றார். அதில் பிழை இருப்பதாக எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. என்னையும் பேசச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதிகாரி வந்து ஒன்று சொன்னால் ஓம் ஐயா என்றுதான் சொல்லலாம், இங்கே ஏலாது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது என்று என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றே ஒரு கட்டு மனுத்தாளும் துண்டுப்பிரசுரமும் தந்துவிட்டார்கள். பிரசுரத்தின் முன்பக்கத்தில் ஒரு தராசுப் படம். பின்பக்கத்தில் மூன்று கோரிக்கைகள், சின்ன எழுத்தில். முதலாவதை வாசித்தேன், பவுண்ட் நிறையைத் திருப்பித் தா. இரண்டாவதைப் பாதி வாசித்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

கையெழுத்து வாங்க எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த நாட்களில் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் நெஞ்சுக்கு முன்னால் ஒரு கிளிப்போர்ட் வந்துவிடும். போரை நிறுத்து, யாழ்ப்பாணத்துப் பாதையைத் திற, காணாமல் போனவர்களைக் காட்டு. எங்கள் ஆட்கள் வாசிக்கமாட்டார்கள். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, ஒரு கால் சப்பாத்துக்குள், மற்றக் கையால் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தவிர எங்களால் வேறென்ன செய்ய முடிந்தது? வாசிப்பதே ஊருக்குச் செய்கிற துரோகம் போல ஒரு நினைப்பு.

அந்தப் பழக்கத்தின் நடுவில் நான் போய் என் கிளிப்போர்ட்டை நீட்டினேன். ஒரு அம்மா மட்டும், சண்டையை நிறுத்தச் சொல்லியோ அண்ணை என்று கேட்டார்.

"எல்லாம் எங்கடை நன்மைக்குத்தான் அக்கா" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு வெள்ளிக்கிழமைகளில் பதினாறு தாள் நிரம்பியது. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்தும் அவ்வளவு கொண்டுவரவில்லை. ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினாறாவது தாளின் கடைசி வரி என் மச்சானுடையது. மனைவியின் தம்பி, முப்பத்தைந்து வயது. கடையில் மீன் வெட்டுவது அவன்தான். கொழும்பில் அவனைப் பிடித்து நான்கு மாதம் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இடது கை தோளுக்கு மேலே போகாது, ஆனபடியால் பெட்டி தூக்குகிற வேலை என்னுடையது. உடுப்பு மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்வான். அவனுடைய அகதி வழக்கு வருஷக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய ஒரு கடிதம், செவ்வாய்க்கிழமை தோறும் இமிகிரேஷன் அலுவலகத்தில் போய்க் கையெழுத்து, அவ்வளவுதான் அவனுக்கு இந்த நாட்டில் இருந்த பிடி. தாளில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது, வை என்றேன். என்னத்துக்கு அத்தான் என்று கேட்டான். றாத்தலுக்கு என்றேன். சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு வைத்தான். தாளின் ஓரத்தில் மீன் செதிள் ஒன்று ஒட்டியிருந்தது, நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அதற்கு மூன்றாவது கிழமை, செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைக்கப் போனவன் திரும்பி வரவில்லை. மத்தியானம் தொலைபேசி வந்தது. பிடித்து வைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை பிளேன், டிக்கெட்டில் கொழும்பு என்று போட்டிருக்கிறது என்றான். பிறகு, அறுக்குளா மீன் வந்திருக்கும், தடித்த துண்டாக வெட்டச் சொன்ன ஆள் இன்றைக்கு வருவார், மறந்துவிடாதீர்கள் என்றான். மனைவி பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டாள்.

வழக்கறிஞர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. அவருடைய அலுவலகத்துக்கு மறுநாள் காலையில் நானும் மனைவியும் ஓடினோம். இங்கே இருந்த கதவெல்லாம் மூடிவிட்டது என்றார். இனி மிச்சம் ஒன்றுதான், ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம். அவர்களுக்கு ஃபாக்ஸ் அனுப்பி, இவனை அனுப்பினால் அங்கே சித்திரவதை செய்வார்கள், விசாரித்து முடியும்வரை அனுப்பவேண்டாம் என்று கேட்கலாம். அவர்கள் எழுதினால் இந்த நாடு நிறுத்தியே ஆகவேண்டும், அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருக்கிறது.

ஐரோப்பாக்காரன் சொன்னால் இங்கே உள்ளவன் கேட்பானா என்று நான் கேட்டேன். என் வாயில் அது ஒரு எரிச்சலாக வந்தது, பழக்கதோஷம். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தராசுச் சட்டம் வந்த இடம் வேறு, இந்த நீதிமன்றம் வேறு. இது மனித உரிமை ஒப்பந்தம். இதையும் கிழித்துப் போடவேண்டும் என்று இங்கே சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறார்கள், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு என்றார்.

மனைவியை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய், பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது கோரிக்கை. மனித உரிமை ஒப்பந்தத்திலிருந்து விலகு. நாங்கள் வெளியேற்ற முடிவு செய்தவர்களை வெளிநாட்டு நீதிபதிகள் தடுக்கக்கூடாது. இரண்டு வரிதான். எனக்கே விளங்குகிற இங்கிலீஷ். அதை வாசிக்க எனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. மிச்சம் கிடந்த வெற்று மனுத்தாளின் தலைப்பில், கீழே கையொப்பமிடும் நாங்கள் மூன்று கோரிக்கைகளையும் ஆதரிக்கிறோம் என்று இருந்தது. நான் கொடுத்துவிட்ட பதினாறு தாளில் அதன் கீழே கோயில் வாசல் முழுக்க இருந்தது. அவர்களில் எத்தனை பேரின் தம்பி, எத்தனை பேரின் மகன் அந்த நீதிமன்றத்தை நம்பி இருந்தானோ.

நேரே இறைச்சிக்கடைக்குப் போனேன். அந்தப் பதினாறு தாளையும் திருப்பித் தா என்றேன். எல்லாம் எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது, என்ன நடந்தது என்றார். சொன்னேன். மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் மறைக்கமாட்டேன். மூன்றாவதை வாசித்தாயா என்று கேட்டேன். வாசித்தேன், இன்றைக்கும் கையெழுத்து வைப்பேன் என்றார். உன் மச்சான் நல்ல மனிதன், ஆனால் அவனை வைத்திருப்பதா அனுப்புவதா என்று இங்கே இருக்கிற நாங்கள்தான் முடிவெடுக்கவேண்டும், அங்கே இருக்கிற யாரோ அல்ல என்றார்.

இங்கே இருக்கிற நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள், வெள்ளிக்கிழமை பிளேன் என்றேன்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர் வாசித்துவிட்டு வைத்தவர். நான் வாசிக்காமல் வைத்து, ஊரையே வாசிக்காமல் வைக்கப் பண்ணியவன்.

வியாழக்கிழமை பின்னேரம் ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருந்து ஃபாக்ஸ் வந்தது. ஒரே ஒரு பக்கம். விசாரணை முடியும்வரை அனுப்பக்கூடாது. வழக்கறிஞர் தொலைபேசியில் வாசித்தபோது மனைவி என் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அவள் அழுத காரணம் மட்டுமல்ல, வேறொன்றும் இருந்தது. அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துண்டுப்பிரசுரத்தையும் காட்டினேன். அதை வாங்கி மடித்து மேசையில் வைத்தாள். ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"இஞ்சேருங்கோ, அவனுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் கடைசியில். "அவன் இந்த நாட்டிலை நம்புற ஒரே ஆள் நீங்கள்தான்."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவனை வெளியே விட்டார்கள். வழக்கு முடியவில்லை, தள்ளித்தான் வைத்திருந்தார்கள். மறுபடியும் செவ்வாய்க்கிழமை தோறும் கையெழுத்து. போகும்போது ஒரு பையில் மாற்றுடுப்பும் மருந்தும் எடுத்துக்கொண்டு போவான். நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப்போய், அவன் வெளியே வரும்வரை எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவன் ஒரே கதையைத்தான் சொன்னான். அத்தான் ஓடித்திரிந்திராவிட்டால் நான் இன்றைக்கு இல்லை என்று. நான் உள்ளே போய் ஐஸ் கொட்டுவேன்.

அதற்குள் தராசுப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. கிலோவோடு சேர்த்துப் பவுண்டையும் எழுதி வைக்கலாம், பரவாயில்லை என்று ஐரோப்பாவில் இருந்தே சொல்லிவிட்டார்கள். இறைச்சிக்கடைக்காரர் வாசலில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு நான் அந்தக் கூட்டங்களுக்குப் போகவில்லை.

சண்டை முடிகிற கட்டம். கோயில் வாசலில் கிளிப்போர்டுகள் கூடிவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை மச்சானும் நானும் வெளியே வரும்போது ஒரு பெண்பிள்ளை நெஞ்சுக்கு நேரே ஒன்றை நீட்டினாள். இரண்டு தாள், இங்கிலீஷ். நான் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைக்கு எரிச்சல் வந்தது. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அங்கே சனம் சாகுது, இவர் பேப்பர் வாசிக்கிறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் விடவில்லை. முதல் தாள் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை. அதைக் கழற்றி மச்சானிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு இரண்டாம் தாளுக்குப் போனேன்.

"அத்தான் பாத்தாச் சரிதானே" என்று அவன் அந்தப் பிள்ளையிடம் சொல்வது கேட்டது.

நான் கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தபோது, அவன் கையிலிருந்த முதல் தாளின் அடியில் பெயரும் விலாசமும் எழுதி, கையெழுத்தும் வைத்து முடித்திருந்தான்.