படையலில் முதல் பங்கு

என் தம்பி சுகுமாறன் மலேசியாவில் கிள்ளான் பட்டணத்தில் பதினெட்டு வருடம் லோரி ஓட்டியவன். எவ்வளவு குறுகலான சந்திலும் ரிவர்ஸ் எடுத்துவிடுவான். குடித்துவிட்டால் மட்டும் ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாது. மூன்று முறை போலீசில் மாட்டினான். மூன்றாவது முறை ஜெயில், லைசென்சும் போயிற்று. நல்லவேளை யாரையும் இடித்துக் கொல்லவில்லை என்று நான் முனீஸ்வரரைக் கும்பிட்டேன். என்ன பிழைப்பு இது, சொல்லுங்கள்!

ஜெயிலுக்குள் குடியை விடவைக்கும் வகுப்பு ஒன்று, புதன்கிழமைதோறும். முதலில் போகமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டானாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் தெளிந்திருந்தது.

"அக்கா, மூணு தடவையும் முதல் மடக்கு எங்க குடிச்சேன்னு எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்" என்றான் போனில். எங்கேடா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நானும் மறந்துபோனேன்.

அதற்குள் நான் ஒரு கூத்துச் செய்துவைத்திருந்தேன். தம்பி திருந்தி வந்தால் பீரும் சுருட்டும் படைக்கிறேன் என்று முனீஸ்வரருக்கு வேண்டுதல். எங்கள் லோரிக்காரக் குடும்பங்களில் டயர் மாற்றினால்கூடப் படையல்தான். குடியை விட்டதற்கு பீர் படைக்கிறோமே என்று என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

விடுதலையான அன்று அவனை நேரே கோவிலுக்குக் கூட்டிப்போனேன். அவன் மனைவி மாதவி வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள்.

"அண்ணி, ஒரு சொட்டு அவர் வாயில பட்டாலும் பிள்ளைங்களோட எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

பூசை முடிந்தது. பூசாரி பாலன் படைத்த பீரை டம்ளரில் ஊற்றி நீட்டினார். "முதல் பங்கு உனக்குத்தான் சுகு. சாமி பிரசாதம் லா, மறுக்கக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது லோரிக்குப் பூசை, ஆண்டுப் பூசை, முதலாளியின் பூசை. மூன்று முறையும் இப்படி ஒரு படையலில் ஆரம்பித்துத்தான் அவன் மாட்டினான். அவன் எழுதிக் கொடுத்தது இதைத்தான்.

சுகு இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடப்பாவி, குடிக்கப்போகிறான் என்று என் உயிரே போய்விட்டது. அவனோ இரண்டு எட்டு முன்னே போய், முனீஸ்வரர் காலடியில் அதைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

"ஐயா, இனிமே என் பங்கையும் நீங்களே குடிச்சிருங்க. நீங்க வண்டி ஓட்டப் போறதில்ல."

பாலன் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இதுவும் அந்த வகுப்புல சொல்லிக் கொடுத்ததா?"

"இல்லண்ணே. முதலாளிகிட்ட, கூட்டாளிங்ககிட்ட வேணாம்னு சொல்லக் கத்துக் கொடுத்தாங்க. சாமிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானேதான் இத்தனை மாசமா யோசிச்சேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்தபடி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மாதவி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.