செரோக்கியில் ஏழாவது வரி

இப்போதும் காலையில் என் மகள் வகுப்பு வாசலில் "ஹா டே" என்று நோர்வே மொழியில் விடைபெற்றுக் கையசைத்தால் எனக்குக் கால் நகராது. "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திரும்பக் கூப்பிட்டு, போய் வருவதாகச் சொல்லவைக்கிறேன். சரியா, தப்பா, தெரியவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் நோர்வேயில் மோர்டென்ஸ்ருட் என்ற இடத்தில் இருந்தோம். உலகத்துப் பழங்குடிகளைப் பற்றிப் படித்தபோது வகுப்பில் ஆளுக்கொரு மொழி கிடைத்தது. எனக்கு அமெரிக்காவின் செரோக்கி. தினமும் பேசும் ஏழு வரிகளை அதில் எழுதி, வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. வருவேன் என்றவர் சித்தப்பா மட்டும்தான். எங்கள் சோபாவில் படுத்தெழும்பிய அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நூலகப் புத்தகத்தோடு என்னருகே உட்கார நேரமிருந்தது. வணக்கத்துக்கு ஓசியோ, நன்றிக்கு வாடோ. அம்மா தேத்தண்ணி கொடுத்தால் "வாடோ அண்ணி" என்பார்.

"ஆரைப் பாத்து வாடா எண்டுறீர்? ஆற முதல் குடியும்."

ஏழாவது வரி "ஹா டே". அதற்கு நேரான சொல் செரோக்கியில் இல்லையாம். மறுபடி சந்திப்போம் என்றுதான் ஒரு நீளமான சொல்லில் சொல்வார்களாம். "எங்கட சனம்தான்" என்று சித்தப்பா சிரித்தார். எங்கள் வீட்டிலும் 'போறன்' என்று யாரும் சொல்லக்கூடாது. குப்பை போடக் கீழே போனாலும் 'போட்டு வாறன்' வேண்டும். தவறினால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

புதன்கிழமை காலை சித்தப்பா பெரிய பையோடு நின்றார். பேர்கன் நகரத்தில் நண்பரைப் பார்க்கப் போகிறாராம்.

"வெள்ளிக்கிழமைக்கு வந்திடுவியள்தானே?"

அவர் சப்பாத்துக் கயிற்றையே கட்டிக்கொண்டிருந்தார். "நீ வடிவாச் சொல்லு பிள்ளை. நான் போறன்."

"அம்மா, சித்தப்பா போறன் எண்டிட்டார்!"

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். "அப்ப ஏழாவதைச் சொல்லுங்கோ" என்று நான் வழியை மறித்தேன். அந்த நீளமான சொல்லைத் தொடங்கியவர், பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆறு வரிகளைச் சொன்னேன். ஏழாவதை, அவர் வரட்டும் என்று, வாசலைப் பார்த்தபடி நிறுத்திவைத்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து ஆசிரியை கைதட்டினார்.

அவருடைய அகதி வழக்கு இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டிருந்ததும், பொலிஸ் வருமுன் அவர் நாட்டைவிட்டே போனதும், அம்மாவுக்கு அது தெரிந்திருந்ததும் பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டன. அந்தப் புதன்கிழமை காலை எனக்கு இருந்தது வேறு கோபம். நான் சொன்னால் மட்டும் ஏசுகிற அம்மா, சித்தப்பாவை ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கொண்டுவந்த தண்ணீரை நானே குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.